வாக்குத்தத்த அட்டையா, வரிசையான வாசிப்பா?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வருவது எங்கள் வேலூர்ப் பக்கத்துச் சபைகள் பலவற்றில் வழக்கம். வாக்குத்தத்த அட்டை: அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்காக ஒரு வேதவசனம் அச்சிட்டது. அம்மா அந்த வருஷம் எடுத்தது எரேமியா 29:11. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்.’ ஜனவரியில் மார்பில் இருந்த கட்டிக்குப் பயாப்ஸி எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை அட்டை அம்மாவின் பர்ஸிலேயே இருந்தது. “எதிர்பார்த்த முடிவுன்னு போட்டிருக்குடா, நல்லதாத்தான் வரும்.”

புற்றுநோய் என்றுதான் வந்தது.

அப்போது வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஊழியக்காரர் ஒருவர், “உங்கள்மேல் கத்தி படாது என்று கர்த்தர் சொல்லுகிறார்” என்றார். பதினைந்தே நாளில் ஆபரேஷன் நடந்தது. அம்மாவை வலியைவிட வாட்டியது வேறு ஒன்று: “என் விசுவாசம் பத்தலையோ?” மனிதர் வாயிலிருந்து வரும் தீர்க்கதரிசனத்தை வேதவசனத்துக்குச் சமமாக வைப்பதை நான் அதோடு விட்டுவிட்டேன். அது இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராது. மீதி இருப்பது இரண்டு: அட்டை, அல்லது வேதப் புத்தகம் முழுவதையும் வரிசையாக வாசிப்பது.

அட்டையைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. அம்மா ஐந்தாவது வரைதான் படித்தவர். ஸ்கேன் அறைக்குள் பைபிள் கொண்டுபோக முடியாது, கண்ணாடியும் கிடையாது. ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’ என்று அந்த இரைச்சலுக்குள் சொல்லிக்கொண்டே படுத்திருந்ததாகச் சொன்னார். ஒற்றை வசனம் மனப்பாடமாக இருந்தால்தான் அது முடியும். 1900-இல் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியின் குறிக்கோளும் ஒரு வசனத் துண்டுதான்: ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்ய. மாற்கு சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தைத் திறந்து முன்னால் இருப்பதைப் படித்தால், சீஷர்களான யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக வந்த வார்த்தை அது. முன்பின் படிக்கப் படிக்க அந்தத் துண்டு இன்னும் கூர்மையாகிறது.

அம்மாவின் அட்டையையும் அப்படித்தான் ஒரு நாள் திறந்து பார்த்தோம். கீமோ முடிந்து வந்து படுத்திருந்தார். நான் 29-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று அங்கே சில தீர்க்கதரிசிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நம்பாதீர்கள் என்கிறது 8-ஆம் வசனம். 10-ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அதற்கு அடுத்ததுதான் நம் அட்டை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் அந்த முடிவைப் பார்க்காமலே செத்திருப்பார்கள். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்போ கர்த்தர் என்னை ஏமாத்தலை” என்றார்.

‘எதிர்பார்த்திருக்கும் முடிவு’ என்ற சொல்லும் எங்களை வழி மாற்றியிருந்தது. புராட்டஸ்டண்ட் வீடுகளில் ‘பழைய திருப்புதல்’ என்ற வேத மொழிபெயர்ப்புதான் புழக்கம். அந்தத் தமிழ் நாக்கில் ஊறியது, எனக்கும் அதுதான் உயிர். ஆனால் மூலமொழியான எபிரெயத்தில் இருப்பது ‘பின்காலமும் நம்பிக்கையும்’ என்ற பொருள் தரும் இரண்டு சொற்கள். 1995-இல் வந்த இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘வளமான எதிர்காலத்தையும் நம்பிக்கையையும்’ என்று இருக்கிறது. நான் மனசில் நினைத்த ரிசல்ட்டைத் தருவேன் என்று கர்த்தர் அங்கே சொல்லவே இல்லை.

வேதத்துக்கு அதிகாரம் உண்டு என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அட்டையை மட்டும் வைத்துக்கொண்டால், எனக்குப் பிடித்ததை அது சொல்லும்வரைதான் அந்த அதிகாரம். வரிசையாக வாசிக்கும்போது நான் எடுத்திருக்கவே மாட்டாத பக்கங்களும் என்னிடம் பேசுகின்றன: புலம்பல், யோபு, 88-ஆம் சங்கீதம். இருட்டிலேயே முடியும் அந்தச் சங்கீதத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவை அதிகம் அழவைத்ததும், ஆற்றியதும் அதுதான்.

வரிசை வாசிப்பு சுலபமில்லை. மொத்தம் 1,189 அதிகாரங்கள். நாளைக்கு மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று போனால் ஒரு வருஷத்தில் முடியும். லேவியராகமத்தில் நானே இரண்டு முறை நின்றுபோனேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாற்கில் தொடங்கலாம், பதினாறே அதிகாரம். அட்டையைத் தூக்கிப்போட வேண்டாம், அதிலுள்ள வசனம் எந்த அதிகாரத்திலிருந்து வந்ததோ அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு அந்தக் கடிதத்தில் இப்போது பிடித்தது 5-ஆம் வசனம்: ‘தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.’ ஆறாவது கீமோவுக்கு அப்புறம் கொல்லையில் இலவம்பாடி முள்ளுக் கத்தரி நாற்று நட்டார். காம்பு முள் விரலில் குத்தக் குத்தப் பறித்த முதல் காயை, எண்ணெய்க் கத்தரிக்காயாக வைத்து எனக்குப் போட்டார்.