கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ரிவ்யூ: ரூமுக்கு சூப்பர், பெட்டில போட்டிருக்கிறது மட்டும் பீலா

வீட்ல மேஜை மேல வைக்கிற சின்ன கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒண்ணு யூஸ் பண்ணிட்டு இருக்கேன். பிராண்ட் பேர் வேணாம், ஏன்னா இதே சென்சாரை உள்ள போட்டு வேற வேற பேர்ல நிறைய பேர் விக்கிறாங்க, அதனால இது எல்லாத்துக்கும் சேர்த்து எழுதுறதா வச்சுக்கங்க. பெட்டி மேல பூமி படம் போட்டு, புவி வெப்பமயமாதலை வீட்ல இருந்தே கண்காணிக்கலாம்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதுக்குத்தான் இந்த ரிவ்யூவே.

முதல்ல வாங்குறவங்களுக்கு. ரொம்ப சீப்பா வர்ற பல மாடல்ல கார்பன் டை ஆக்சைடு சென்சாரே கிடையாது, சென்ட், ஸ்பிரிட் மாதிரி ஆவியை புடிக்கிற சென்சார் ஒண்ணை வச்சுக்கிட்டு அதுல இருந்து ஒரு நம்பரை குத்துமதிப்பா காட்டிடும். சானிடைசர் பாட்டிலை திறந்து பக்கத்துல வச்சு பாருங்க, நம்பர் சர்ருன்னு எகிறினா அது டுபாக்கூர். என்னோடது அசையல. ஸ்பெக்ல என்டிஐஆர்னு (NDIR, இன்ஃப்ராரெட் வெளிச்சத்தை வச்சு வாயுவை அளக்கிற முறை) போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.

அந்த என்டிஐஆர் மேட்டர்தான் எனக்கு ரொம்ப புடிச்சது. உள்ள ஒரு குட்டி குழாய், ஒரு முனையில இன்ஃப்ராரெட் பல்பு, அடுத்த முனையில டிடெக்டர், நடுவுல நம்ம ரூம் காத்து. லைட்டை அணைச்சுட்டு பின்பக்க ஓட்டை வழியா உத்துப் பாத்தா அந்த பல்பு சில செகண்டுக்கு ஒரு தடவை மங்கலா செவப்பா மினுங்குறது தெரியும். நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் அந்த வெளிச்சத்தை அப்படியே விட்ருதுங்க, கார்பன் டை ஆக்சைடு மட்டும் 4.26 மைக்ரான் அலைநீளத்துல முழுங்கிடும், எவ்ளோ முழுங்கிச்சோ அதை வச்சு நம்பர் வருது. பசுமை இல்ல விளைவுன்னு ஸ்கூல்ல படிச்சமே, அதுவும் இதே குணத்தாலதான்; பூமி ராத்திரி பகலா வெளிய விடுற வெப்பத்துல 15 மைக்ரானை ஒட்டின பகுதியை இதே வாயு புடிச்சு வச்சுக்குது. காத்துல இருக்கிறதே 0.04 சதவீதம்தான், ஆனா இதுவும் நீராவியும் மத்த சில வாயுக்களும் சேர்ந்து இல்லன்னா பூமியோட சராசரி 15 டிகிரிக்கு பதிலா மைனஸ் 18ல கிடக்கும்.

ரூமுக்கு மீட்டர் நல்லாவே வேலை செய்யுது. மூச்சை நேரா ஊதினா 5000 பிபிஎம்னு (பத்து லட்சம் பங்கு காத்துல எத்தனை பங்குங்கிற கணக்கு) காட்டி அங்கயே நிக்கும், அதுக்கு மேல அதால அளக்க முடியாது (நாம விடுற மூச்சுல 40,000 பிபிஎம் பக்கம் இருக்கு). கதவை சாத்தி தூங்கினா காலைல 1500ஐ தாண்டிடுது, ஜன்னலை ஒரு கை அளவு திறந்தாலே சரசரன்னு இறங்கிடும். அப்போ 1500 இருந்தா ரூமும் சூடாகுமான்னு சிலர் கேக்குறாங்க. ஆகாதுங்க. ரூம்ல இருக்கிறது ரெண்டு மூணு மீட்டர் காத்து. பூமிக்கு மேலயோ பல கிலோமீட்டர் உயரத்துக்கு காத்து நிக்குது, வாயு கூடக்கூட வெப்பம் விண்வெளிக்கு தப்பிக்கிற இடம் இன்னும் மேல, இன்னும் குளிரான காத்துக்கு போயிடுது, அங்கருந்து வெளிய போற வெப்பம் குறையுது, அதான் கீழ சூடு ஏறுது.

இப்ப பெட்டி மேல இருக்கிற அந்த வரிக்கு வருவோம். இதுல ஆட்டோ கேலிபிரேஷன்னு ஒண்ணு இருக்கு, ஒரு வாரத்துல வந்த ஆகக் குறைஞ்ச ரீடிங்கை எடுத்து, இதுதான் வெளிக்காத்து, இதுதான் 400னு தானா வச்சுக்கும். ஜன்னலே திறக்காத ரூம்ல இது கணக்கை மொத்தமா கெடுத்துடும், அது ஒரு பக்கம். ஆனா வெளிக்காத்து 400ஆ இப்ப? ஹவாயில மவுனா லோவா எரிமலை மேல இருக்கிற ஆய்வு நிலையத்துல 1958ல அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் அளக்க ஆரம்பிச்சப்போ 315 பக்கம் இருந்துச்சு, 2013 மே மாசம் முதல் தடவையா ஒரு நாள் சராசரி 400ஐ தொட்டுச்சு, 2024 சராசரி 424ஐ தாண்டிடுச்சு. இந்த மெஷினோ வாராவாரம் அந்த ஏத்தத்தை அழிச்சுட்டு மறுபடி 400னு எழுதிக்குது. உலகத்துல எவ்ளோ ஏறினாலும் மொட்டைமாடில வச்சா 400தான் காட்டும், இதுக்குப் பேரு கண்காணிப்பாம்!

ஆட்டோவை ஆஃப் பண்ணாலும் பெருசா நடக்காது. துல்லியம் கூட குறைய 50 பிபிஎம்னு மேனுவல்லயே இருக்கு. வருஷத்துக்கு ரெண்டரை பிபிஎம் போல ஏறுற விஷயத்துல அந்த 50ங்கிறது இருபது வருஷ ஏத்தம். கீலிங் வச்சிருந்ததும் இன்ஃப்ராரெட் கருவிதான், ஆனா அவர் அளவு தெரிஞ்ச வாயு சிலிண்டரை வச்சு திரும்பத் திரும்ப சரிபார்த்துக்கிட்டே இருந்தார், அதான் ஒவ்வொரு மே மாசமும் ஏறி செப்டம்பர் வாக்குல இறங்குற அந்த சின்ன அலை கூட அவர் கிராஃப்ல தெளிவா விழுந்துச்சு.

மத்தபடி ஸ்கிரீன் வெயில்ல கூட தெரியுது, பீப் சத்தத்தை ஆஃப் பண்ண மெனுவுக்குள்ள தேடி அலையணும், பேட்டரி சுமார். ரூம் காத்துக்காக வாங்குறவங்க தாராளமா வாங்கலாம், அஞ்சுக்கு மூணரை ஸ்டார். அடுத்த அப்டேட்ல அந்த 400ஐ நாமளே மாத்திக்கிற மாதிரி குடுத்தா நாலரை தர்றேன்.