லேப்டாப்பில் ராம் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

முந்தாநாள் நடந்தது, கோபம் இன்னும் அடங்கவில்லை. அரை மாதச் சம்பளம் போச்சு. நீங்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

என் லேப்டாப்பில் இருப்பது இன்டெல் ஐ5-8250யு பிராசசர். ராம் (தற்காலிக நினைவகம்) டிடிஆர்4 வகை, வேகம் 2400, 4 ஜிபி வீதம் இரண்டு. வீடியோ எடிட்டிங் திணறியதால் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன்.

"வேலை கூடும்போது பிராசசர் டர்போல, அதாவது தானா வேகம் கூட்டி, 3400 வரைக்கும் போகுது சார், ராம் 2400லயே நிக்குது. அதான் இழுக்குது. 3200ல ஒரே 8 ஜிபி போட்டா ரெண்டும் சேர்ந்து ஓடும்" என்றார் கடைக்காரர். அவசரமே இல்லாமல், ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நம்பினேன். ராமுக்கும் பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) செட்டிங் கூலிக்கும் சேர்த்து அரை மாதச் சம்பளம்.

வீட்டில், ராம் வேகத்தைக் காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அதே 2400!

டர்போ ஏறினால் ராம் வேகம் ஏறாது. ராம் எவ்வளவு வேகத்தில் ஓடலாம் என்பது பிராசசருக்குள் இருந்து ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் என்ற பகுதியின் கையில். 8250யு-வில் டிடிஆர்4-க்கு வரம்பு 2400தான், 3200 போட்டாலும் இறங்கித்தான் ஓடும்.

இதைவிடக் கொடுமை, இரண்டு ராம் இருந்தபோது டூயல் சேனலில், அதாவது இரண்டு ராமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறையில், நொடிக்கு 38.4 ஜிபி தரவு வரை போகும். இப்போது ஒன்றுதான், 19.2. அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, இருந்ததையும் பாதியாக்கி அனுப்பியிருக்கிறார்கள்.

போன் செய்தேன். "ரீஸ்டார்ட் பண்ணுங்க." மறுபடி செய்தேன். "விண்டோஸ் அப்டேட் பண்ணுங்க, செட் ஆக ரெண்டு நாள் ஆகும்." நேரில் போனால், "சீல் உடைச்சாச்சு, திரும்ப எடுக்க மாட்டோம்." என் பழைய ராம் எங்கே என்று கேட்டேன். "அது ஸ்கிராப்ல போயிருக்கும்." படம் போட்டவர் தலை நிமிரவே இல்லை.

சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் பிராசசர் எந்த ராம் வேகம் வரை ஏற்கும் என்று தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் பாருங்கள். ராம் செருகும் ஸ்லாட் இரண்டு இருந்தால் இரண்டிலும் ராம் இருக்கட்டும். கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள். கழற்றிய ராமைக் கையில் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.