ஆறடி மீன்தொட்டி, கீழே சம்ப், மூன்று வருடம்: யூனியன் இல்லாத குழாய்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மீன்தொட்டியின் ரிட்டர்ன் மோட்டார் (கீழே சம்ப் என்ற வடிகட்டும் தொட்டிக்கு இறங்கிய தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றுவது) நின்றுவிட்டது. அதே வாரத்தில் நண்பர் ஒருவர் கேட்டார்: "பெரிய டேங்க் வைக்கப் போறேன், சம்ப் போடட்டுமா? நீ பைப் எப்படிப் போட்ட?" அவருக்கு எழுத ஆரம்பித்தது இவ்வளவு நீண்டுவிட்டது.

எங்கள் தொட்டி 6×2×2 அடி, ஏறக்குறைய 680 லிட்டர். கீழே கேபினெட்டுக்குள் நாலடி சம்ப். நன்னீர்தான், ஆஸ்கர் இரண்டு, சில்வர் டாலர் ஐந்து.

மோட்டாரில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. போர் தண்ணீரின் உப்பு, உள்ளே சுழலும் இம்பெல்லரில் படிந்து இறுகியிருந்தது. வினிகரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும். ஆனால் மோட்டாரை வெளியே எடுக்க வழியில்லை. அதன் வாயிலிருந்து தொட்டியின் விளிம்பு வரை ஒரே பிவிசி. எல்போ எல்லாம் சால்வென்ட் போட்டு ஒட்டியது. நடுவில் திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு, அதாவது யூனியன், ஒன்று கூட இல்லை.

கேபினெட்டுக்குள் ஹேக்சா பிரேம் நுழையாது. வெறும் பிளேடில் துணி சுற்றி, மல்லாக்கப் படுத்து அறுத்தேன். பிவிசித் தூள் சம்பில் விழாமல் கீழே துண்டு பிடித்தபடி. இரண்டரை மணி நேரம். மேலே ஆஸ்கர் இரண்டும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை நடுங்கியது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருந்ததால் தப்பித்தோம்.

குழாய் போட்டவரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. "யூனியன் வெச்சா அங்கதான் சார் கசியும், ஒட்டிட்டா ஆயுசுக்கும் கவலையில்ல" என்றார். சுவருக்குள் போகும் குழாய்க்கு அவர் சொன்னது சரி. மீன்தொட்டியில் மோட்டாரும் வால்வும் அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டியவை. இது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் இரண்டு யூனியனின் விலையை நினைத்தால் கோபம் அடங்கவில்லை.

இதே அமைப்பில் நான் மனதாரப் பாராட்டும் விஷயம் ஒன்று உண்டு. கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும் என்பதை ஆரம்பத்திலேயே யோசித்துவிட்டோம். மோட்டார் நின்றதும் ரிட்டர்ன் குழாய் சைஃபனாக மாறி, தொட்டித் தண்ணீரைச் சம்புக்கு இழுக்கும். இந்த அளவுத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே 11 லிட்டர். குழாயின் வாய் நாலு அங்குல ஆழத்தில் இருந்தால் 110 லிட்டருக்கு மேல் கீழே வரும், சம்ப் வழிந்து ஹால் முழுக்கத் தண்ணீர். அதனால் நீர்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே ரிட்டர்ன் குழாயில் ஒரு துளை. மட்டம் அதற்குக் கீழே போனதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். சம்பின் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு, அதற்கு மேல் தண்ணீர் நிரப்புவதே இல்லை. தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்பாதீர்கள், அதில் ஒரு குட்டி நத்தை மாட்டினாலே மூடாது. துளையிலும் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிடுகிறேன். மூன்று வருடத்தில் எத்தனையோ மின்தடை, தரையில் ஒரு சொட்டு விழுந்ததில்லை.

சத்தம்தான் இன்னொரு தலைவலி. தொட்டித் தண்ணீர் சம்புக்கு வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோவில் இரண்டு குழாய். ஒன்று முழுக்க நீர் நிறைந்து ஓடும், மற்றது அடைப்பு வந்தால் காப்பாற்ற. முதல் குழாயில் காற்று கலக்காத வரை சத்தமே வராது, அதற்கு வால்வை மயிரிழையாகத் திருப்பி வைக்க வேண்டும். எங்களுக்குப் போட்டது பால் வால்வு. கால் சுற்றில் முழுக்கத் திறந்து மூடுவது அது, நுணுக்கமாக நிறுத்த வராது. தூசு கொஞ்சம் சேர்ந்தாலும் இரவில் களகளவென்று ஆரம்பித்துவிடும். பல சுற்றுத் திருகி மெல்ல மெல்ல மூடும் கேட் வால்வு வேண்டும், அதுவும் பிளாஸ்டிக்கில். எளிதாகக் கிடைக்கும் பித்தளையில் செம்பு உண்டு, பின்னால் இறால் வளர்க்க ஆசைப்பட்டால் ஆகாது.

ரிட்டர்ன் பக்கம் இப்போது இரண்டு யூனியன் வைத்தாயிற்று. மோட்டார் ஐந்து நிமிடத்தில் கையில் வருகிறது. கசிவு இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, மீன்கள் நன்றாக இருக்கின்றன. இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பருக்கு இன்று நான் சொல்லும் பதில்: சம்ப் வேண்டாம், இரண்டு பெரிய கேனிஸ்டர் (மூடிய டப்பா ஃபில்டர்) வாங்கிக்கொள். முதுகு இன்னும் வலிக்கிறது. பால் வால்வை மாற்ற ஓவர்ஃப்ளோ பக்கத்தையும் அறுக்க வேண்டும், அங்கேயும் எல்லாம் ஒட்டித்தான் இருக்கிறது.