கான்டெசாவில் சர்ஜ் டேங்க்: மாட்டிச் சில வருஷம் ஓட்டிய பிறகு

கார்புரேட்டர் வண்டியை எம்.பி.எஃப்.ஐ.க்கு (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறைக்கு) மாற்றுகிறவர்கள் இன்ஜின், வயரிங், இ.சி.யூ. (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பெட்ரோல் டேங்க் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது பாட்டுக்கு முப்பது வருஷமாக வேலை செய்கிறது, இனியும் செய்யும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கே போதாமல் போகிறது, அதைச் சரிசெய்ய மாட்டிய சர்ஜ் டேங்க் என்ற சின்னத் துணை டேங்க் கோயம்புத்தூர் வெயிலிலும் மலை ரோட்டிலும் எப்படி உழைத்தது என்பதை விரிவாக எழுதுகிறேன். இப்போது இதே வேலையில் இறங்கியிருப்பவர்களுக்கு உதவும்.

என்னுடையது கான்டெசா கிளாசிக் 1.8 ஜி.எல்.எக்ஸ். வாக்ஸால் விக்டரின் உடலை வைத்து 1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த வண்டி. முதலில் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினோடு வந்தது, பிறகுதான் இசுசுவின் 1817 சிசி இன்ஜின் கிடைத்தது. அதே இசுசு 1800 பிற்காலத்தில் அம்பாசடரில் எம்.பி.எஃப்.ஐ. ஆகவும் வந்தது. அப்படி ஒரு இன்ஜினைத் தேடிப்பிடித்து மாற்றினோம். ஸ்டார்ட்டிங், பிக்-அப், மைலேஜ் எல்லாமே அருமை. ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் ஏற்றுவது, இன்சூரன்ஸுக்குத் தெரிவிப்பது இரண்டையும் முதலிலேயே முடித்துவிட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்தவர்கள் அதைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

பிரச்சினை ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது தெரிந்தது. நாற்பது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. டேங்கில் கால்வாசிக்குக் கீழே பெட்ரோல் இருந்தால், வளைவை முடித்து ஆக்சிலரேட்டரை மிதிக்கிற அந்த நொடியில் இன்ஜின் ஒரு மூச்சை விழுங்கும். ஒரு வினாடி, இரண்டு வினாடி, பிறகு சரியாகிவிடும். ஒரு பக்கத்து வளைவுகளில் மட்டும்தான் இப்படி. ஃபுல் டேங்க் இருந்தால் சுத்தமாக இல்லை. ஃபியூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில்) ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, பக்கத்து சீட்டில் நண்பரை உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னேன். 3 பாரில் நிற்க வேண்டிய முள் அந்த வளைவில் ஒன்றரைக்குக் கீழே சரிந்து மேலே வந்தது.

கார்புரேட்டரோடு இருந்தபோது இதே ரோட்டில் இதே வண்டி ஒரு தடவைகூட இப்படிச் செய்ததில்லை. டேங்க் அப்போதும் இதேதான். வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சு குழாய் காற்றை இழுப்பது அப்போதும் நடந்திருக்கும். ஆனால் கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் தேங்கி நிற்கும். குழாயில் வந்த காற்று அங்கேயே பிரிந்து போய்விடும், இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது. இன்ஜெக்‌ஷனில் அந்தத் தேக்கம் கிடையாது. பம்ப் காற்றை விழுங்கிய மறுகணமே ரெயிலில் பிரஷர் விழுகிறது, கலவை மெலிகிறது, அதாவது காற்றுக்குத் தேவையான பெட்ரோல் கிடைப்பதில்லை. முழு லோடில் ஏறிக்கொண்டிருக்கும்போது கலவை மெலிந்தால் நாக்கிங் (இன்ஜினுக்குள் தட்டுகிற சத்தம்) வரும், நாளாவட்டத்தில் பிஸ்டனுக்கே ஆபத்து. "ரெண்டு செகண்டுதானே" என்று விடுகிற விஷயமல்ல. சர்ஜ் டேங்க் செய்வது, அந்த ஃப்ளோட் சேம்பர் பார்த்த வேலையை டிக்கியில் உட்கார்ந்து பார்ப்பதுதான்.

டேங்கையே அறுத்து உள்ளே தடுப்புத் தகடு வைக்கலாம். ஹோலி கம்பெனியின் ஹைட்ராமேட் மாதிரி உறிஞ்சு விரிப்பை அடியில் போடலாம். இரண்டும் நல்ல வழிகள். ஆனால் கான்டெசா டேங்க் இன்னொன்று நல்ல நிலையில் கிடைப்பது குதிரைக் கொம்பு, அதில் கட்டர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சர்ஜ் டேங்க் என்றால் நாளைக்கே கழற்றி வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். பழைய வண்டியில் எந்த வேலை செய்தாலும் இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் எஸ்.எஸ். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் ஒன்றரை லிட்டர் டேங்க் ஒன்று செய்யச் சொன்னேன். உயரமாக, ஒல்லியாக. அகலமான டேங்க் என்றால் வளைவில் அதற்குள்ளேயும் பெட்ரோல் ஒதுங்கும். கடைகளில் அலுமினியத்தில் பளபளவென்று கிடைக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் வெறும் அலுமினியம் வெள்ளை பூத்துப்போகும் என்பதால் அதை வேண்டாம் என்றேன். ஆர்கன் வெல்டிங் அடித்துக் கொடுத்த அண்ணன் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நாலு ஓட்டையுமே எட்டு எம்.எம்.மா? ஓவர்ஃப்ளோ சின்னதாப் போட்டாப் போதாதுங்களா?" போதாது. மெயின் டேங்கிலிருந்து சர்ஜ் டேங்குக்குப் பெட்ரோல் ஏற்றுகிற லிஃப்ட் பம்ப் தள்ளுகிற அளவு முழுவதும் அந்த வழியாகத் திரும்பிப் போக வேண்டும். அது நெருக்கினால் சர்ஜ் டேங்கே பிரஷர் ஏறிப்போகும், ரெயில் பிரஷரும் கூடவே ஏறும். விஷயத்தைச் சொன்னதும் அவரே ஓவர்ஃப்ளோ நிப்பிளை மூடியின் உச்சியில், துளி காற்றுகூட மாட்டிக்கொள்ளாத இடத்தில் வைத்தார். அடியில், இன்ஜினுக்குத் தள்ளுகிற மெயின் பம்புக்குப் போகிற வழி. முக்கால் உயரத்தில் லிஃப்ட் பம்பிலிருந்து வருகிற வழியும் ரெயில் ரிட்டர்னும் (இன்ஜின் குடிக்காத மிச்சப் பெட்ரோல் திரும்புகிற வழி). ரிட்டர்ன் நேரே கொட்டினால் நுரை வரும் என்று சுவரை ஒட்டிச் சுழன்று இறங்குகிற மாதிரி சாய்த்து வைத்தார். வெல்டிங் முடிந்ததும் கொஞ்சமாகக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒவ்வொரு தையலையும் விளக்கடியில் பார்த்தோம். அந்தத் தையல் இன்றுவரை ஒரு சொட்டு கசிந்ததில்லை.

ரெயில் ரிட்டர்னை எங்கே கொடுப்பது என்பதில்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மெயின் டேங்குக்கே கொடுத்துவிடு, பெட்ரோல் சூடாகாது என்பது ஒரு கட்சி. கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த இன்ஜின் முழு லோடில் மணிக்குச் சுமார் 25 லிட்டர்தான் குடிக்கும். மெயின் பம்ப் தள்ளுவதோ மணிக்கு 120 லிட்டர். மீதி எல்லாம் ரிட்டர்ன். அதை மெயின் டேங்குக்கு அனுப்பினால், லிஃப்ட் பம்ப் காற்றை இழுக்கும் நேரத்தில் சர்ஜ் டேங்கின் ஒன்றரை லிட்டர் 45 வினாடியில் காலி. சர்ஜ் டேங்குக்கே திருப்பினால், இன்ஜின் குடித்தது மட்டும்தான் குறையும். அதே ஒன்றரை லிட்டர் மூன்றரை நிமிடம் தாங்கும். எந்த மலையிலும் எந்த வளைவும் அவ்வளவு நேரம் நீளாது.

சூடு ஏறும் என்பதும் உண்மைதான். காந்திபுரம் நெரிசலில் ஐடிலில் நிற்கும்போது இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டரைக்கூடச் சரியாகக் குடிப்பதில்லை. அதே ஒன்றரை லிட்டர் ஒரு மணி நேரத்தில் எண்பது தடவை இன்ஜின் பக்கம் போய்ச் சுட்டுக்கொண்டு வருகிறது. இதற்கு மருந்து லிஃப்ட் பம்பில் இருக்கிறது. என்னுடையது மணிக்கு 80 லிட்டர் தள்ளுகிற குறைந்த பிரஷர் பம்ப். இன்ஜினுக்குத் தேவையானதைப் போல மூன்று மடங்கு. மிச்சமெல்லாம் சூட்டையும் சுமந்துகொண்டு ஓவர்ஃப்ளோ வழியாக மெயின் டேங்குக்குப் போய்விடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் நெரிசலில் நின்ற பிறகு சர்ஜ் டேங்கைத் தொட்டுப் பார்த்தால் நன்றாக வெதுவெதுப்பாக இருக்கும், கை எடுக்கிற அளவு சுடாது. மெயின் டேங்கில் பெட்ரோல் குறைந்தால் சூடு வேகமாக ஏறுகிறது, அதனால் கோடையில் மட்டும் கால் டேங்குக்குக் கீழே விடுவதில்லை.

மெயின் பம்ப் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ரேஸ் வண்டிக்கான பெரிய பம்பை வாங்கி மாட்டச் சொல்லி நிறைய பேர் ஆசை காட்டுவார்கள். நூறு குதிரைத்திறன்கூட இல்லாத இன்ஜினுக்கு அது சூட்டையும் சத்தத்தையும் தவிர எதையும் தராது. சாதாரண எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்குப் போடுகிற வெளிப்பம்ப் தாராளம். அதைச் சர்ஜ் டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே வையுங்கள். இந்தப் பம்புகள் நன்றாகத் தள்ளும், உறிஞ்சச் சொன்னால் திணறும். ரப்பர் புஷ் போட்டு மாட்டியதால் பின்சீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டுமே.

இத்தனை வருஷத்தில் அதிகம் பாடுபடுத்தியது டேங்கோ மெயின் பம்போ இல்லை, ஓஸ்தான். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பெட்ரோல் பங்குகளில் தொடங்கி, 2025-க்குள் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. மெயின் டேங்கிலிருந்து லிஃப்ட் பம்புக்கு வருகிற பழைய ரப்பர் ஓஸை ஒரு சர்வீஸில் வளைத்துப் பார்த்தபோது உள்சுவர் உப்பி, மேல் தோலில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன. மேலே ஸ்டீல் பின்னல் போட்ட ஓஸ் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் உள்ளே என்ன ரப்பர் என்பது தெரியாது, வெடித்தாலும் பின்னல் மறைத்துவிடும். குறைந்த பிரஷர் பக்கம் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சடித்த இன்ஜெக்‌ஷன் ஓஸும், டிக்கிக்குள் இருக்கிற எல்லா ஓட்டத்துக்கும் பி.டி.எஃப்.இ. (டெஃப்ளான்) உள்குழாய் உள்ள ஓஸும் போட்ட பிறகு டிக்கியில் இருந்த லேசான பெட்ரோல் வாசனையும் போய்விட்டது. கசிவே இல்லாமல் ரப்பர் சுவர் வழியாகவே ஆவி வெளியே வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஓஸுக்கும் கிளாம்புக்கும் போன காசு சர்ஜ் டேங்குக்கு ஆனதைவிட அதிகம், அதில் ஒரு ரூபாய்கூட வீண் இல்லை.

எத்தனால் பழைய டேங்கின் அடியில் படிந்ததையெல்லாம் கரைத்துக்கொண்டும் வரும். லிஃப்ட் பம்புக்கு முன்னால் வைத்த ஃபில்டரை முதல் சில மாதங்களில் அறுத்துப் பார்த்தபோது காப்பிப் பொடி நிறத்தில் துருவும் பிசினும் அப்பியிருந்தது. போகப்போகக் குறைந்து இப்போது சுத்தமாக வருகிறது.

ஒரு தடவை லிஃப்ட் பம்ப் செத்தது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, எல்லாப் பம்பும் ஒரு நாள் சாகும். அது செத்ததை வண்டி சொல்லாது என்பதுதான் முக்கியம். சர்ஜ் டேங்கில் ஒன்றரை லிட்டர் இருக்கிறது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்றாலும் பதினைந்து கிலோமீட்டர் எந்தச் சலனமும் இல்லாமல் ஓடும். பிறகு நடுரோட்டில் நிற்கும். ஃபியூயல் கேஜ் அரை டேங்க் காட்டும், மெயின் பம்ப் ஓடுகிற சத்தமும் கேட்கும், மெக்கானிக் இ.சி.யூ.வைச் சந்தேகப்படுவார். பொள்ளாச்சி ரோட்டில் நின்றபோது ஓவர்ஃப்ளோ ஓஸைத் தொட்டுப் பார்த்தேன், உள்ளே ஓட்டத்தின் அதிர்வே இல்லை, அதில்தான் பிடிபட்டது. இப்போது லிஃப்ட் பம்ப் லைனில் ஒரு பிரஷர் சுவிட்ச் வைத்து டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு கொடுத்திருக்கிறேன். இரண்டு பம்புக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ். சாவி போட்டதும் இ.சி.யூ. பம்பை இரண்டு மூன்று வினாடிதான் ஓட்டும். சர்ஜ் டேங்க் காலியாகியிருந்தால் அது நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டும். அதற்காக லிஃப்ட் பம்பை மட்டும் ஓட்டுகிற ஒரு புஷ் பட்டனும் வைத்தேன். ஃபில்டர் மாற்றிய பிறகெல்லாம் அது பெரிய உபகாரம்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. டிக்கியில் பெட்ரோல் டேங்க் என்றால் பின்சீட்டுக்குப் பின்னால் தகடு அடைத்து, சர்ஜ் டேங்கை மூடிபோட்ட பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியின் அடியிலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு ஆவிக் குழாய் விட வேண்டும். மோதலில் பம்பை நிறுத்துகிற இனெர்ஷியா சுவிட்சும் உண்டு. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி இது.

இப்போது வால்பாறை ரோட்டில் கால் டேங்கோடு போனாலும் பிரஷர் முள் 3 பாரிலிருந்து அசைவதில்லை. ஊருக்குள் மட்டும், எப்போதும் அரை டேங்குக்கு மேல் வைத்து ஓட்டுபவருக்கு இந்தச் செலவு தேவையே இல்லை. மலை ஏறுபவர்கள், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கில் ஒரு ரவுண்டு போக ஆசைப்படுபவர்கள் எம்.பி.எஃப்.ஐ. மாற்றும்போதே இதையும் சேர்த்துச் செய்துவிடுவது நல்லது. ஒவ்வொரு சர்வீஸிலும் நான் பார்ப்பது மூன்றே: மெயின் டேங்க் மூடியின் காற்றுத் துளை திறந்திருக்கிறதா, பெட்டிக்குள் ஓஸ் மூட்டுகள் காய்ந்திருக்கின்றனவா, சாவி போட்டதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறதா.