பச்சைப் புள்ளியை எவ்வளவு நம்பலாம்? ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் தளம் பற்றி

திருகோணமலை உவர்மலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் ரியூசன் எடுக்கிறேன். போன மாதம் நரம்பிணைப்பு, அதாவது ஒரு நரம்புக்கலம் அடுத்ததைச் சந்திக்கும் இடம் பற்றிப் பாடம் நடத்தும்போது ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், இந்தப் புரதம் இங்க, அந்தப் புரதம் அங்க எண்டு கீறுறீங்கள். அது அங்கதான் இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?" அன்றிரவு ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் இணையத்தளத்தைத் திறந்தவன்தான், மூன்று கிழமையாக நித்திரை குறைவு.

மனித உடலில் எந்தப் புரதம் எங்கே இருக்கிறதென்று படமாகக் காட்டும் தளம் இது; 2003இல் சுவீடனில் ஆய்வாளர் மத்தியாஸ் உலேன் தலைமையில் தொடங்கிய திட்டம். காசு இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. மரபணுவின் குறியீட்டை ஆங்கிலத்தில் அடித்தால் சரி.

முதலில் எஸ்.வை.பி. அடித்தேன். சினாப்டோபைசின், அதாவது நரம்புக்கடத்தியைச் சுமக்கும் புடகங்களின் மென்சவ்வில் இருக்கும் புரதம். சிறுமூளை வெட்டில் வெளிப்புறப் படை முழுக்கச் சாயத்தேத்தண்ணி கொட்டியது மாதிரி மண்ணிறம். பேர்கின்ஜிக் கலங்கள் எனும் நரம்புக்கலங்களின் பெரிய உடல்கள் மட்டும் வெளிறிக் கிடக்கின்றன. இணைப்புகள் நெருங்கிய இடத்தில்தான் புரதம் குவிகிறது என்று நான் வாயால் சொல்லத் தேவையே இல்லை. அப்புறம் ஜி.எஃப்.ஏ.பி., நரம்புக்கலங்களுக்குத் துணை நிற்கும் நட்சத்திரக் கலங்களின் புரதம்; அந்தக் கலங்கள் கை விரித்தபடி நின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், வகுப்பு கப்சிப்.

கலத்துக்குள்ளே காட்டும் பகுதி இன்னும் வடிவு. தேடும் புரதம் பச்சை, கரு நீலம், நுண்புன்குழாய் சிவப்பு, அகமுதலுருச் சிறுவலை மஞ்சள். ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் வளர்க்கும் புற்றுநோய்க் கலங்கள். அடிக்கடி வரும் யூ-2 ஓ.எஸ். எலும்புப் புற்றிலிருந்து எடுத்தது. அதற்கு நரம்பிணைப்பே கிடையாது! அதை வைத்து நரம்புக்கலத்தில் ஒரு புரதத்தின் இடத்தை முடிவுகட்டக் கூடாது.

இன்னொன்று, பச்சையாகத் தெரிவது, புரதத்தைத் தேடிப் பிடிக்க விடும் பிறபொருளெதிரி போய் ஒட்டிய இடம். வேறு புரதத்தில் மாறி ஒட்டினாலும் பச்சைதான். அதற்காகத்தான் நம்பகத்தன்மைக்கு நான்கு தரம் போட்டு வைத்திருக்கிறார்கள். கடைசித் தரம் 'உறுதியில்லை'. முதல் நாள் நான் அதைக் கவனிக்கவே இல்லை, படத்தின் வடிவில் மயங்கிப் போனேன்.

நரம்பிணைப்பின் முன்பக்கமா பின்பக்கமா என்று தெரிய இந்தத் தளம் போதாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி 20 நானோமீற்றர் அளவுதான். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியோ ஏறத்தாழ 200 நானோமீற்றருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. அதற்கு சின்கோ தளத்துக்குப் போங்கள், நிபுணர்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்து முன், பின் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அங்கேயும் மரபணுவின் குறியீடுதான்: பின்பக்கத்தில் இருக்கும் பி.எஸ்.டி.-95 புரதத்துக்கு டி.எல்.ஜி.4 என்று அடிக்க வேண்டும்.

படங்களைத் திரையிலேயே காட்டுங்கள். நான் டவுணில் ஒரு கொமினிகேசனில் கலர் பிரிண்ட் எடுத்தேன். பச்சையும் நீலமும் ஒரே கறுப்பு. டவுணுக்குள் திரியும் மான்களில் ஒன்று வெளியே நின்றது, அதில் ஒரு தாளை இழுத்து மென்றது. நான் தடுக்கவில்லை.