கல்யாண மாலையை ரெசினில் பதிக்கக் கொடுக்கிறீர்களா? முன்பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

முகூர்த்த மாலை, கூரைப்புடவையில் ஒரு துண்டு, பத்திரிகை, அட்சதை, மாற்றிய மஞ்சள் கயிறு, முதல் மெட்டி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கி, பூவை ரெசினில் (ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் திரவப் பிசின்) பதித்துத் தருகிறோம் என்று இன்ஸ்டாகிராமில் கடை விரித்திருப்பவர்கள் இன்று ஏராளம். ஒழுங்காகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சரிசெய்து தரச் சொல்லி எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு பெட்டியைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. பெட்டிக்குரிய குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.

அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கியிருக்கிறார்கள். பில் கிடையாது. மாலையை பாலிதீன் கவரில் சுற்றி கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதம் என்று சொன்ன பெட்டி நாலு மாதம் கழித்து வந்திருக்கிறது. கூடத்தில் மாட்டிய சில வாரங்களிலேயே பூவைச் சுற்றிப் பழுப்பு வளையம். கேட்டதற்கு வந்த பதில்: "பூன்னா வாடத்தானே மேடம் செய்யும்?" அடுத்த செய்திக்கு எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள்.

முதலில் அந்த மாலையைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அது அவர்களுடைய மாலையே இல்லை. கல்யாண போட்டோவில் வாழைநாரில் கட்டிய மாலை, அடர்சிவப்பு ரோஜா, நடுவே சம்பங்கி. பெட்டிக்குள் இருந்த ரோஜாக்கள் வெள்ளை பாலியஸ்டர் நூலில் கோத்தவை, காம்பில் சாயம் ஏறியிருந்தது. சிவப்பு ரோஜா காய்ந்தால் கருஞ்சிவப்பாக, சில சமயம் கறுப்புக்குப் பக்கமாகவே போய்விடும். மல்லியும் சம்பங்கியும் தந்த நிறத்துக்கோ பழுப்புக்கோ மாறும். கல்யாணத்தன்று பார்த்த அதே பளீர் சிவப்பும் பால் வெள்ளையும் பெட்டிக்குள் தெரிந்தால், சாயம் போட்ட பூ அல்லது துணிப் பூ என்று சந்தேகப்படுங்கள். பூ அழுகிப்போனதைச் சொல்லாமல் வேறு பூவை வைப்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய மோசடி. தாலி ஏறிய நேரத்தில் கழுத்தில் கிடந்த மாலை என்பதற்காகத்தானே அந்தக் குடும்பம் காசு கொடுத்தது?

இதைத் தடுக்க எளிய வழி உண்டு. கொடுக்கும் முன் மாலையை ஸ்கேல் பக்கத்தில் வைத்து, கட்டு தெரியும்படி போட்டோ எடுங்கள். உள்பக்கக் காம்பு ஒன்றிரண்டில் வண்ண நூல் முடிச்சு போடுங்கள். பிரித்த பூ, காய வைத்த பூ, ரெசின் ஊற்றும் முன் அடுக்கிய பூ என்று மூன்று கட்டத்திலும் போட்டோ கேளுங்கள். சரியாக வேலை செய்பவர் தன் கணக்குக்காகவே இவற்றை எடுத்து வைத்திருப்பார்.

அடுத்து ஈரம். கட்டிய மாலை, அதிலும் இதழ் இதழாக ஊசியில் நெருக்கிக் கோத்தது, வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே நாள்கணக்கில் நசநசத்துக் கிடக்கும். பூக்காரர் தெளித்த தண்ணீர் வேறு. அதனால் மாலையைப் பிரித்துப் பூக்களைத் தனித்தனியாகத்தான் காய வைக்க வேண்டும். மூடி இறுகும் டப்பாவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்), மேலே ஒன்றையொன்று தொடாமல் பூக்கள், அவற்றின் மேல் இதழ் இடுக்கெல்லாம் நிறையும்படி மறுபடியும் ஜெல். ரோஜாவுக்கு ஒரு வாரம் வரை ஆகும், சதைப்பற்றுள்ள பூவுக்கு இன்னும் கூட. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது, மாற்ற வேண்டும். இதழ் சலசலத்தால் போதாது. காம்பு சேரும் தடித்த இடம் ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது.

ஈரத்தோடு ரெசினில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பெட்டியே சாட்சி. இதழ்களைச் சுற்றிக் குமிழிகள், பிறகு பழுப்பு. சில இதழ்கள் சுருங்கி ரெசினிலிருந்து விலகியதால் இடையில் காற்று புகுந்து, சாய்த்துப் பார்த்தால் வெள்ளித்தாள் போல மின்னியது. இறுகிய ரெசினுக்குள் போய் இதை யாராலும் சரிசெய்ய முடியாது. நாங்களும் அதைத்தான் சொல்லி அனுப்பினோம்.

மாலையை 24 மணி நேரத்துக்குள், தாமதமானால் 48 மணி நேரத்துக்குள் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அதுவரை உலர்ந்த காகிதத்தில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கட்டும். ஃப்ரீசரில் வைக்கவே வேண்டாம். உறைந்த நீர் பூவின் திசுவைக் கிழித்துவிடும், வெளியே எடுத்ததும் கொழகொழத்துக் கறுக்கும். மூடிய பாலிதீன் கவரில் கூரியர் அனுப்பச் சொல்பவருக்கு இந்த வேலை தெரியாது, அல்லது உங்கள் பூ அவருக்குத் தேவையில்லை.

ரெசின் விஷயத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: "ஹார்டனர் எந்த அளவில் சேர்ப்பீர்கள்?" ரெசினை இறுக வைக்கச் சேர்ப்பதுதான் ஹார்டனர். எபாக்ஸி என்ற ரெசின் வகை என்றால் பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று விகிதம் சொல்வார்கள். "சில சொட்டு விட்டால் போதும்" என்றால் அது பாலியஸ்டர் ரெசின். விலை குறைவு, நெடி அதிகம், இறுகும்போது கூடுதலாகச் சுருங்கும். கணக்கும் போட்டுப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 4 கனம் என்றால் 3,600 மில்லி, பூ அடைக்கும் இடத்தைக் கழிக்காவிட்டால் ஏறக்குறைய 4 கிலோ எபாக்ஸி. ஒரு கிலோ விலையைக் கடையில் விசாரித்தால், அவர் சொல்லும் தொகையில் இது நடக்குமா என்று தெரிந்துவிடும். அந்த அளவுக்குள் முழு மாலை அடங்காது, பதினைந்து இருபது பூக்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் நேர்மையானவர் முதலிலேயே சொல்லிவிடுவார்.

மெல்லிய பூச்சுக்கான ரெசினை ஒரே தடவையில் கனமாக ஊற்றினால் கலவை தானாகவே சூடேறிப் பூ கருகும், கட்டி விரிசல் விடும். அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும், அல்லது கனமாக ஊற்றுவதற்கென்றே உள்ள ரெசினை வாங்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரக் காற்று பட்டு மேலே பிசுபிசுப்பான வெண்படலம் படியும், எனவே அந்த மாதங்களில் அவசரப்படுத்தாதீர்கள். "வாழ்நாள் முழுக்க மஞ்சளிக்காது" என்பது பொய். வெயில் பட்டால் எந்த எபாக்ஸியும் நாளடைவில் மஞ்சளிக்கும், புற ஊதாத் தடுப்பு சேர்த்தால் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

புடவைக்கு வருவோம். முந்தானையில் கேட்காமலேயே ஒரு சாண் வெட்டி, ஹாட் க்ளூவால் (சூடாக்கி உருக்கி ஒட்டும் பசை) எம்.டி.எஃப் பலகையில் (மரத்தூளை அழுத்திச் செய்தது) ஒட்டியிருந்தார்கள். பசை ஜரிகைக்குள் இறங்கிவிட்டது. ஸ்பிரிட் தொட்டால் பசை விடும், ஆனால் பட்டின் சாயமும் கலங்கலாம். அதனால் நாங்கள் கை வைக்கவில்லை. புடவையை வெட்டவே தேவையில்லை. பருத்தித் துணி போர்த்திய அட்டையில், வேண்டிய பகுதி மேலே வரும்படி மடித்து, ஓரத்தில் மூன்று நாலு சென்டிமீட்டருக்கு ஒரு தையல் போட்டால் போதும், எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். கண்ணாடி துணியைத் தொடக்கூடாது, தொட்ட இடத்தில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். மடிப்பில் பட்டு இற்றுப்போகும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். எனவே புடவையைத் திறக்கக்கூடிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். எம்.டி.எஃப் விடும் அமில ஆவியும் சாதாரண அட்டையின் அமிலமும் துணிக்கும் காகிதத்துக்கும் ஆகாது, பின்பலகைக்கு அமிலமில்லாத அட்டை கேளுங்கள்.

மெட்டி கறுத்திருந்தது. ரப்பர் பசையிலும் சில கம்பளித் துணியிலும் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். அட்சதையில் வண்டு வந்திருந்தது. அரிசியை நன்கு மூடிய கவரில் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தெடுத்து, உலர்ந்த பிறகு சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்திருந்தால் வந்திருக்காது. மஞ்சள் கயிறு வெளிச்சத்தில் வெளுக்கும், பக்கத்தில் இருக்கும் காகிதத்திலும் கறை ஏற்றும், தனி உறையில் இருட்டில் இருப்பதே நல்லது. வெற்றிலை, பாக்கு, தேங்காய் எதையும் உள்ளே வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

பணத்தைப் பாதிக்கு மேல் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். ரெசின் வகை, அளவு, கனம், தேதி, கெட்டுப்போனால் என்ன செய்வார் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், பெட்டியின் போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதில் தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேல் போகாவிட்டால் கட்டணம் கிடையாது, ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அதுவரை பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.