கோட்டையடி ஓட்டோ டூர்: காசுக்குச் சரி, அந்தக் கடையைத் தவிர

முதலே சொல்லிப்போடுறன், நான் திருகோணமலையிலை பிறந்து வளந்த ஆள், கோட்டைக்குள்ளாலை கோணேசர் கோயிலுக்கு எத்தினை தரம் போயிருப்பன் எண்டு கணக்கே இல்லை, அப்பிடியிருக்க சொந்த ஊரைச் சுத்திப் பாக்கக் காசு குடுத்தன் எண்டால் வீட்டிலை சிரிப்பினம்தானே. சிரிச்சவைதான். ஆனா மாமியின்ரை மகள் கனடாவிலையிருந்து வந்து நிண்டவ, அக்காவின்ரை பெடியன் ஏ.எல். படிக்கிறான், அவனுக்கு வணிகவாதம் (அந்தக் காலத்து ஐரோப்பிய அரசுகள் வியாபாரத்தைப் பிடியிலை வச்சிருந்த கொள்கை) எண்ட சொல்லைக் கேட்டாலே கொட்டாவி, நோட்ஸிலை உள்ள அஞ்சு வரியைப் பாடமாக்கி வச்சிருக்கிறானே ஒழிய ஒண்டும் விளங்கேல்லை. ஒரு ரிட்டயர் ஆன வாத்தியார் தன்ரை ஓட்டோவிலை ஏத்திக்கொண்டுபோய் இதையெல்லாம் இடத்திலையே வச்சுச் சொல்லுறாராம் எண்டு பக்கத்து வீட்டு அன்ரி சொன்னவ, அதான் மூண்டு பேரும் வெளிக்கிட்டம்.

மூண்டு மணித்தியாலம், மூண்டு பேருக்கும் சேத்து 6,000 ரூபா. விடிய 6.30 எண்டார், 6.20க்கே வாசல்லை ஹோர்ன். ஓட்டோ துப்புரவு, தண்ணிப் போத்தலும் வச்சிருந்தவர். பாட்டு ஒண்டும் போடேல்லை, அதுக்கே ஒரு மார்க் கூடக் குடுக்கலாம்.

கோட்டை வாசல்லை இறக்கி, கல்லிலை இருக்கிற மீனைக் காட்டினார். இதை எல்லாக் கைட்மாரும் காட்டுவினம், போர்த்துக்கேயர் கோயிலை இடிச்சுக் கோட்டை கட்டின கதையும் சொல்லுவினம். இவர் அதைச் சுருக்கமா முடிச்சுப்போட்டு எங்களைப் பாத்துக் கேட்டார், "பிள்ளையள், கறுவா விளைஞ்சது கொழும்பு, நீர்கொழும்பு, காலிப் பக்கம். முத்து மன்னார்ப் பக்கம். யானை வன்னியிலை. அப்ப இஞ்சை என்னத்துக்கடா இவ்வளவு பேர் வந்து அடிபட்டவங்கள்?" நாங்கள் முழிச்சுக்கொண்டு நிண்டம், மான் ஒண்டு வந்து மச்சாளின்ரை கச்சான் பையை இழுக்குது. "இஞ்சை விக்கிறதுக்குப் பெரிசா ஒண்டும் இல்லை, இது பூட்டுப் போடுற இடம்" எண்டார். அந்த ஒரு வசனத்துக்கே பாதிக் காசு சரி.

பிறகு மரத்துக்குக் கீழை நிண்டு வணிகவாதத்தை விளங்கப்படுத்தினது இதுதான், நான் எனக்கு விளங்கின மாதிரிச் சொல்லுறன். அந்தக் காலத்து ஐரோப்பிய அரசாங்கங்களின்ரை கணக்கிலை செல்வம் எண்டால் தங்கமும் வெள்ளியும், அது உலகத்திலை ஒரு அளவாத்தான் இருக்கு, உன்ரை பெட்டி நிரம்போணும் எண்டால் மற்றவன்ரை பெட்டி குறையோணும். அதாலை விக்கிறது கூட, வாங்கிறது குறைய, கப்பல் எங்கடை கப்பலா இருக்கோணும். இங்கிலாந்து 1651இலை கப்பல் சட்டம் போட்டதும், பிரான்சிலை பதினாலாம் லூயியின்ரை மந்திரி கொல்பேர் வெளிநாட்டுச் சாமானுக்கு வரியை ஏத்தினதும் இந்தக் கணக்கிலைதான். இதிலை குடியேற்ற நாட்டுக்கு என்ன வேலை எண்டால், ஊரிலை ஒரே ஒரு கடை இருக்கு எண்டு வையுங்கோ, உங்கடை நெல்லை அந்தக் கடைக்குத்தான் குடுக்கோணும், விலை முதலாளி சொல்லுறது, சீலையையும் அவரிட்டைத்தான் வாங்கோணும், அந்த விலையும் அவர் சொல்லுறது, பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனியள் எண்டால் காலை உடைப்பார். பெடியன் நோட்ஸை மடிச்சு வச்சிட்டான்.

கறுவாக் கதையை விரிவாச் சொன்னார். ஒல்லாந்தர் காலத்திலை களவாக் கறுவா வெட்டினாலோ வித்தாலோ மரணதண்டனை வரைக்கும் போகுமாம், உரிச்சுக் குடுக்கிற சலாகமச் சனத்துக்கு அது தொழிலில்லை, கட்டாய ஊழியம். ஒல்லாந்தரோட செய்த 1766 ஒப்பந்தத்தோட கண்டி ராசாவிட்டை ஒரு துண்டுக் கடற்கரையும் இல்லை, உப்பு வேணுமெண்டாலும் ஒல்லாந்தக் கம்பனியின்ரை முகத்தைப் பாக்கோணும். அதுதான் அவர் சொன்ன பூட்டு. இந்தத் துறைமுகம் ஒல்லாந்தரிட்டை இருந்தால் கண்டி வேறை ஒருத்தனோடையும் கதைக்க ஏலாது.

எனக்குப் பிடிச்ச இடம் கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலை. அங்கை நிண்டு கொட்டியாரக் குடாவையும் தூரத்து மூதூரையும் காட்டி, 1660இலை பாய்மரம் உடைஞ்ச இங்கிலீஷ் கம்பனிக் கப்பல் ஒண்டு அங்கை ஒதுங்கினதையும், அதிலை வந்து கண்டி ராசாவின்ரை ஆக்கள் பிடிச்சுக்கொண்டு போன றொபேட் நொக்ஸ் எண்ட மாலுமி ஏறக்குறைய 20 வருசம் கழிச்சு மன்னார்ப் பக்கத்து ஒல்லாந்தரின்ரை அரிப்புக் கோட்டைக்குத் தப்பி ஓடினதையும் சொன்னார். மெட்ராஸ் பக்கத்துக் கரையிலை வாடைக்காற்றுக் காலத்திலை கப்பல் ஒதுங்க நல்ல இடம் இல்லை, இஞ்சை இருக்கு. சின்னனிலையிருந்து பாத்த கடல்தான், நான் அப்பிடி ஒருநாளும் யோசிச்சதில்லை.

அதைவிடப் பெரிய விசயம் அமெரிக்கா. 1773இலை பொஸ்டனிலை கடலுக்குள்ளை கொட்டின தேயிலை இதே இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பனியின்ரை சரக்கு. பிறகு அங்கை சண்டை வந்து, ஒல்லாந்த வியாபாரிமார் அமெரிக்கருக்கு வெடிமருந்து வித்து, அந்தக் கோவத்திலை 1780 டிசம்பரிலை இங்கிலாந்து ஒல்லாந்தோட போர் தொடங்கி, 1782 ஜனவரியிலை இங்கிலீஷ்காரன் வந்து எங்கடை கோட்டையைப் பிடிச்சான், அதே வருசம் ஓகஸ்ட் கடைசியிலை பிரெஞ்சுக்காரன் சுஃப்ரென் வந்து அவனிட்டையிருந்து பிடிச்சான். ஒரே வருசத்துக்குள்ளை மூண்டு கொடி! பிறகு சமாதானம் பேசித் திருப்பி ஒல்லாந்தருக்கே குடுத்தாச்சு. அமெரிக்காவிலை வரிக்குச் சண்டை பிடிச்சதுக்குத் திருகோணமலையிலை ஆரோ செத்திருக்கிறான். மச்சாள் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை, அவ கதைக்காம இருக்கிறது லேசுப்பட்ட விசயமில்லை.

குறையும் சொல்லோணும். வேகமாப் போகேக்கை எல்லாத்தையும் ஒரே சாக்குக்குள்ளை போடுறார். பிரிட்டிஷ் காலக் கோப்பி, தேயிலையும் இதே வணிகவாதம்தான் எண்டு சொல்லிப்போட்டார், அதுக்குப் பெடியன் "சேர், 1776இலையே அடம் ஸ்மித் தன்ரை பொருளியல் புத்தகத்திலை இதைக் கிழிச்சவர், கறுவா மொனோபொலியையும் 1833இலை எடுத்தாச்சே" எண்டான். மனுசன் கோவிக்கேல்லை, "ஓம் தம்பி, அது வேறை சட்டை, நான் அவசரப்பட்டுட்டன்" எண்டு ஒத்துக்கொண்டார். வெள்ளியை ஆசியாவுக்கு அனுப்பித்தானே கம்பனி சாமான் வாங்கினது, அப்ப பெட்டி குறையாதோ எண்டு நான் கேட்டதுக்கு, இங்கிலீஷ் கம்பனி டைரக்டர் தோமஸ் மன் அதை விதைநெல்லோட ஒப்பிட்டவர், விதைக்கேக்கை பாத்தால் நெல்லை மண்ணிலை எறியிற விசரன் மாதிரித்தான் தெரியும், அறுவடையையும் பாக்கோணும் எண்டவராம். வயலுக்குப் போன ஆக்களுக்கு உடனை விளங்கும்.

இனிக் கடை. டூர் முடிய பிளேன்ரீ குடிப்பம் எண்டு சொல்லி ஒரு கடையிலை கொண்டுபோய் விட்டார், பேர் வேண்டாம். ரீ ஃப்ரீ, ஆனா கறுவாப்பட்டை, மிளகு, பற்றிக் சீலை எல்லாம் சந்தை விலையிலை ரெண்டு மடங்கு. வேறை கடைக்கு விடுங்கோ எண்டால் "அங்கை சாமான் சரியில்லை பிள்ளை". பெடியன் என்ரை காதுக்குள்ளை "சித்தி, இது 1766 ஒப்பந்தம்" எண்டான், நான் சிரிப்பை அடக்கேலாமல் வெளியிலை வந்திட்டன். மச்சாள் பாவம், டொலர்க் கணக்கிலை யோசிச்சு 3 பக்கற் வாங்கிப்போட்டா.

அஞ்சுக்கு நாலு. போறவை கடைக்கு வரமாட்டம் எண்டு ஏற முந்தியே சொல்லிப்போடுங்கோ. வெள்ளிக்கிழமை வேண்டாம், கோயிலுக்குச் சனம் கூட, மனுசன் கதைக்கிறது கேக்காது. 9 மணிக்குப் பிறகு சுவாமிமலைக் கல்லிலை வெறுங்காலோட நிக்கேலாது, அதாலை விடியவே போங்கோ, மானுக்குத் தெரியாமல் கச்சானை உள்ளுக்கை வையுங்கோ.